ஒன்பது வண்டிகளின் சாவி

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த முதல் வாரத்தில் நான் தெரிந்துகொண்டது, இந்த ஊரில் காலை எட்டு மணிக்குச் சத்தம் போட்டுப் பேசக்கூடாது என்பது. எனக்கு விருதுநகர்ப் பக்கம். எங்கள் வீட்டில் உப்பு கேட்டால்கூட மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அதே குரலில் வாசலில் நின்று கணவரிடம், "சாயங்காலம் வரும்போது அங்கிட்டுக் கடையில வெங்காயம் வாங்கிட்டு வாங்க" என்றேன். மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவர் கிட்டே வந்து, "மூணு வீட்டுல நைட் ஷிப்ட். இப்பத்தான் படுத்திருப்பாங்க" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

அது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். மலைக்கோயில் அடிவாரத்தில் ஒரு சந்து, அந்தச் சந்தில் எங்கள் லைன் வீடு. பத்து வீடுகள் ரயில் பெட்டி போல ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்புக் கேட்டைத் திறந்ததும் முதல் வீடு எங்களுடையது. எங்கள் ஜன்னலுக்கு நேராகச் சின்னதாக ஒரு முற்றம். பத்தடி அகலம், இருபதடி நீளம் இருந்தால் அதிகம். அதைத் தாண்டினால் ஓர் ஆள் நடக்கிற பாதைதான். அதிலும் பாதியைத் தண்ணீர் டிரம்கள் பிடித்துக்கொண்டிருந்தன. ஆகவே எல்லார் வண்டியும் அந்த முற்றத்தில்தான் நின்றாக வேண்டும். எங்களுடையதையும் சேர்த்து ஒன்பது பைக். எங்கள் பக்கம் தீப்பெட்டிக்குள் குச்சி அடைப்பார்கள், அந்த மாதிரி அடைந்து நிற்கும்.

கடைசியாக வந்த வண்டி கேட்டோரம் நிற்கும். அதை நகர்த்தாமல் உள்ளே இருக்கிற எதையும் எடுக்க முடியாது. ஆனால் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்கள் ஒரே நேரத்தில் போய் ஒரே நேரத்தில் வருகிற ஜாதி இல்லையே. முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு, இரண்டாவது மதியம் இரண்டுக்கு, மூன்றாவது ராத்திரி பத்துக்கு. இது போதாதென்று எட்டரைக்கு ஜெனரல் ஷிப்ட். என் கணவர் அந்த எட்டரைக் கும்பலைச் சேர்ந்தவர். அவருக்குக் காலையில் எமனாக நின்றது எட்டாம் வீட்டுத் தம்பியின் கறுப்பு வண்டி.

எட்டாம் வீட்டுத் தம்பிக்குச் சொந்த ஊர் கல்லாவி. இருபத்தைந்து வயதிருக்கும், தனி ஆள். பிரஸ் மெசின்களை வரிசையாக வைத்துத் தகட்டை அடித்து வளைக்கிற ஒரு கம்பெனியில் வேலை. மூன்றாவது ஷிப்ட் வாரங்களில் வேலை முடிந்து ஆறே முக்காலுக்கு வருவார். முற்றம் நிறைந்து கிடக்கும். கேட்டை ஒட்டிக் குறுக்கே வண்டியை நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டு, சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிடுவார். எட்டு மணிக்கு என் கணவர் போய்க் கதவைத் தட்டுவார். பத்துத் தட்டுக்கு ஒரு முனகல் வரும். இருபதாவது தட்டுக்குக் கதவு திறக்கும்.

ஒருநாள் முப்பது தட்டியும் திறக்கவில்லை. கணவர் முற்றத்துக்கும் எட்டாம் வீட்டுக்குமாக நடையாய் நடந்து, கடைசியில் வண்டியை விட்டுவிட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது அரை நாள் லீவு எழுதிவிட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தார். சாப்பிட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை. அவர் பேசாமல் படுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நானே போனேன். முழங்கையால் கதவை இடித்தேன். விருதுநகர்க் குரல் அன்றைக்கு முழுசாக வெளியே வந்தது. "ஒருத்தர் பொழப்புல மண்ணப் போட்டுட்டு இப்படித் தூங்குதீகளே, உங்களுக்கே நல்லாயிருக்கா? ரோட்டுல போற மாடுகூட ஒதுங்கி நிக்கும். வண்டிய நிப்பாட்டுற லட்சணமா இது?"

கதவு திறந்தது. கண்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தன. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, லாக்கை எடுத்து, வண்டியைச் சந்துக்குத் தள்ளினார். என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வண்டியை உள்ளே தள்ளிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, திட்டறதுன்னா சாயந்தரமா திட்டுங்க, உக்காந்து கேட்டுக்கறேன். காலையில தூக்கம் கெட்டுப்போச்சுன்னா நைட்டு மெசின் முன்னாடி கண்ணு சொக்குதுங்க. போன மாசம் எனக்குப் பக்கத்துல நின்னவனுக்கு ரெண்டு விரலு போயிடுச்சு."

அவர் அதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். இருந்தாலும் வாய் உடனே அடங்குமா?

"அப்படின்னா உள்ள தள்ளி நிப்பாட்ட வேண்டியதுதான? எதுக்குக் கேட்டு வாசல்ல குறுக்க போடணும்?"

"உள்ள தள்ளணும்னா நாலு வண்டிய நகத்தணும். நாலு வண்டியும் லாக்கு. ஆறே முக்காலுக்கு நாலு வீட்டுக் கதவத் தட்டி அவங்கள எழுப்பவா? அவங்கள்ல ரெண்டு பேரு செகண்டு ஷிப்டு முடிச்சு பன்னெண்டு மணிக்குப் படுத்தவங்க."

"வெளிய சந்துல விடலாமே?"

"ரெண்டு தடவ விட்டேன். ரெண்டு தடவயும் பெட்ரோல உறிஞ்சிட்டுப் போயிட்டானுங்க."

நாலு வீட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது என்று நினைத்த மனுஷனைத்தான் தூக்கத்திலிருந்து இழுத்து வந்து மாட்டோடு ஒப்பிட்டிருக்கிறேன். "சாவிய எங்க ஜன்னல்ல வச்சிட்டுப் போங்க. வேணும்னா நாங்களே நகத்திக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் என்று பன்மையில் சொல்லிவிட்டேன். ஆனால் எட்டு மணிக்கு மட்டும் நகர்த்தினால் போதுமா? ஒன்பதரைக்கு ஒருவர் வங்கிக்குப் போவார், ஒன்றேகாலுக்கு இரண்டாம் ஷிப்ட்காரர்கள் கிளம்புவார்கள். அந்த நேரத்தில் என் கணவர் கம்பெனியில் இருப்பார். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பது நான்தான்.

எனக்கு அதுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

முதல் தடவை அந்தக் கறுப்பு வண்டியைத் தொட்டது இப்போதும் நினைவிருக்கிறது. நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டிலிருந்து இறக்கினேன். அது இவ்வளவு கனக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இறங்கின வேகத்தில் என் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. மூன்றாம் வீட்டுக்காரி அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் வயதுதான், வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள், வீட்டில் பேசுவது கன்னடம். பதறிப்போய், "பிட்பிடு அக்கா, பிட்பிடு" என்று கத்தினாள். எனக்கு அது "பிடி, பிடி" என்று காதில் விழுந்தது. நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். நான் இன்னும் இறுக்கினேன். கடைசியில் நானும் வண்டியுமாகச் சுவரில் போய்ச் சாய்ந்தோம். அவள் ஓடிவந்து வண்டியைத் தூக்கிவிட்டு, "விட்டுடுன்னு சொல்றேன், நீ கட்டிப் புடிக்கிறியே" என்றாள். கன்னடத்தில் பிட்பிடு என்றால் விட்டுவிடு. முழங்கையில் சிராய்ப்போடு நான் கற்றுக்கொண்ட முதல் கன்னட வார்த்தை அதுதான்.

இரண்டு பேரும் சேர்ந்து பழகினோம். ஒருத்தி ஹேண்டிலைப் பிடிப்பாள், ஒருத்தி பின்னால் பிடிப்பாள். சென்டர் ஸ்டாண்ட் போடுவதற்குக் கை பலம் தேவையில்லை, காலால் அமுக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தால் தள்ளலாம், எரியாவிட்டால் வண்டி முரண்டு பிடிக்கும் என்பதற்கு இன்னும் இரண்டு நாள். மற்ற வீட்டுக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சாவியைக் கொண்டுவந்து ஜன்னலில் வைக்க ஆரம்பித்தார்கள். ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை வைத்தேன். ஒரே மாதத்தில் டப்பாவில் ஒன்பது சாவி சேர்ந்துவிட்டது.

தள்ளுவதை விட ஓட்டுவது சுலபம் என்று தெரிந்ததும் ஸ்டார்ட் செய்யத் துணிந்தேன். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டால் வண்டி தானாக ஊர்ந்து போகும். கேட் வரைக்கும் போய், திருப்பி, உள்ளே கொண்டுவந்து ஓரமாக விடுவேன். ஒன்பது வண்டியின் குணமும் அத்துப்படியாகிவிட்டது. ஐந்தாம் வீட்டுக்காரரின் வண்டிக்குச் சோக் இழுக்காவிட்டால் உயிர் வராது. ஏழாம் வீட்டு வண்டியின் பிரேக்கை நம்பக்கூடாது. மார்கழிப் பனியில் ஒன்பதும் ஒரே மாதிரி விறைத்துப்போய் நிற்கும். கிக்கரை உதைத்து உதைத்து எனக்கு வேர்க்கும். ஓசூரில் மார்கழி மாதத்தில் வேர்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். என் கணவர் எனக்கு 'பத்தடி டிரைவர்' என்று பேர் வைத்தார். கேட்டுக்கு வெளியே ஓர் அடிகூட நான் ஓட்டினதில்லை.

சாவி என்னிடம் வந்ததும் சண்டை எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஐந்தாம் வீட்டுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கம்பெனிக்குப் போகிறவர். ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஹார்னில் வைத்த கையை எடுக்கமாட்டார். ஒருநாள் நான், "தம்பி உள்ள தூங்குறாக, கொஞ்சம் பொறுங்க" என்றேன். ஹார்னிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "போற வழியில சானமாவு காட்டுல யானை ரோட்டுக்குக் குறுக்க நின்னா இஞ்சினையும் லைட்டையும் ஆஃப் பண்ணிட்டு அரை மணி நேரம் மூச்சுக்கூட விடாம நிக்கறேன். இங்க ஒரு மனுசனுக்காக ரெண்டு நிமிசம் நிக்க முடியல. எனக்கே சிரிப்பா இருக்குது" என்றார். அதற்குப் பிறகு ஹார்ன் அடிப்பது குறைந்தது. நின்றுவிடவில்லை.

இப்படி ஒரு வருஷம் ஓடியிருக்கும். அன்றைக்கு மலைக்கோயிலில் விசேஷம். அப்படிப்பட்ட நாட்களில் மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலிருந்தும் கார்கள் வரும். மலைப்பாதை நிறைந்துவிட்டால் அடிவாரத்துச் சந்துகளில் நுழைந்து, இடம் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார்கள். வழக்கமாக எங்கள் கேட்டை விட்டுத் தள்ளித்தான் நிற்கும். அன்றைக்குப் பன்னிரண்டே முக்காலுக்கு நான் வெளியே வந்து பார்த்தால், வெள்ளைக் கார் ஒன்று கேட்டுக்கு நேர் குறுக்கே, அளந்து வைத்தாற்போல நிற்கிறது. கர்நாடக நம்பர். கேட்டுக்கும் காருக்கும் இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையலாம். வண்டி நுழைய வழியே இல்லை.

உள்ளே நாலு பேர் இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள். எட்டாம் வீட்டுத் தம்பிக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். ஐந்தாம் வீட்டுக்காரருக்கும் அப்படியே. ஒவ்வொருவராக டிபன் டப்பாவோடு வந்து கேட்டில் சேர்ந்தார்கள். காரைத் தள்ளிப் பார்த்தார்கள். கியரில் போட்டு, பிரேக்கையும் இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அசையவில்லை.

"நாலு டயர்லயும் காத்தப் புடுங்கி விட்டாத்தான் புத்தி வரும்" என்று ஐந்தாம் வீட்டுக்காரர் குனிந்துவிட்டார். வால்வு மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தும் விட்டார்.

"காத்தப் புடுங்கினா கார் இங்கயேதான் கெடக்கும். அப்புறம் நீங்க எப்படி வெளிய போவீக?" என்றேன்.

அவர் மூடியைப் பார்த்தார். பிறகு திரும்ப மாட்டினார்.

நான் காரின் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தேன். முன் சீட்டுக்குக் கீழே ஆண் செருப்பு ஒரு ஜோடி, பெண் செருப்பு ஒரு ஜோடி. பின் சீட்டில் பாதிப் பாலோடு ஒரு பால் புட்டி. செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் கோயிலுக்குத்தான் போயிருக்க வேண்டும். பால் புட்டியை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றால் குழந்தை அழுதுகொண்டிருக்கும், ரொம்ப நேரம் தங்கமாட்டார்கள். ஆனாலும் அவர்கள் வருகிற வரைக்கும் ஷிப்ட் காத்திருக்காதே. கார் நம்பரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மூன்றாம் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், கன்னடம் பேச ஆள் வேண்டும் என்று. இரண்டு பேரும் படியேறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, ஓடினோம்.

மேலே போய்ச் சேரும்போது எனக்கு மூச்சு இரைத்தது. கோயில் ஆபீசில் ஒருவர் அர்ச்சனைச் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். கூட்டம் அவரை மொய்த்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தாமல், "மைக்கு அங்க இருக்குதும்மா, நீயே சொல்லிடு. பச்ச பட்டன்" என்றார்.

நான் பிறந்ததிலிருந்து மைக்கில் பேசினதில்லை. பச்சைப் பட்டனை அமுக்கியதும் என் மூச்சு வாங்குவது மலை முழுவதும் கேட்டது. மனப்பாடம் பண்ணின நம்பர் அந்த நிமிஷமே மறந்துபோயிற்று. கே.ஏ. என்கிற இரண்டு எழுத்துதான் ஞாபகத்தில் நின்றது. அது அங்கே வந்திருந்த பாதிக் கார்களுக்குப் பொருந்தும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அடிவாரத்துச் சந்துல லைன் வீட்டுக் கேட்டுக்கு முன்னாடி வெள்ளக் கார நிப்பாட்டினவுக யாரு? கார்ல ரெண்டு ஜோடி செருப்பு கெடக்கு. புள்ளைக்கு வச்ச பால் புட்டியும் கெடக்கு. தயவுசெஞ்சு வாங்க. நாலு பேரு ரெண்டு மணி ஷிப்டுக்குப் போகணும். யாரும் திட்டமாட்டோம்."

மூன்றாம் வீட்டுக்காரி மைக்கை வாங்கி அதையே கன்னடத்தில் சொன்னாள். திட்டமாட்டோம் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அது இன்னும் முடிவாகல" என்றாள்.

இரண்டு நிமிஷத்தில் மொட்டை அடிக்கிற இடத்திலிருந்து ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது வயதிருக்கும். இடுப்பில் வேட்டி, மேலே துண்டு. பின்னால் அவர் மனைவி, கையில் மொட்டை அடித்து முடிந்த குழந்தை. அது வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அவருக்கு நெற்றியிலிருந்து உச்சி வரை வலது பாதி மழித்து, இடது பாதியில் முடி அப்படியே இருந்தது. குழந்தைக்கு முதல் மொட்டை, அப்பாவுக்கும் சேர்த்து வேண்டுதலாம். பாதி வேலையில் என் குரல் கேட்டிருக்கிறது.

"எரடே நிமிஷ அம்மா, ரெண்டே நிமிஷத்துல இது முடிஞ்சிடும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, வேட்டி மடிப்பிலிருந்து கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீங்களே கொஞ்சம் நகர்த்திடுங்க. எந்த டிரைவராவது இருப்பாங்கல்ல?"

சாவியைப் பார்த்தேன். யார் கையில் சாவி இருந்தாலும் என்னிடம்தான் வந்து சேர்கிறது. "நான் பைக் மட்டுந்தான் நகத்துவேன். அதுவும் கேட்டுக்கு உள்ளதான்" என்றேன். எங்கள் லைனில் கார் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை என்று மூன்றாம் வீட்டுக்காரி கன்னடத்தில் சொன்னாள்.

அவர் மறுபடி யோசிக்கவில்லை. மனைவியிடம் என்னமோ சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு இறங்கினார். வெறுங்கால். ஒரு மணி வெயிலில் படிகள் தோசைக்கல் மாதிரி இருந்தன. நிழல் கண்ட இடத்தில் நின்று நின்று தாவி வந்தார். ஒரு தடவைகூட முனகவில்லை. பாதி வழியில் காற்றடித்துத் துண்டு நழுவியது, எங்கள் முன்னால் அந்தப் பாதி மொட்டை. மூன்றாம் வீட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தபடி நடந்தேன்.

கேட்டில் ஒரு கூட்டமே காத்திருந்தது. ஐந்தாம் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். என்ன சொல்ல நினைத்திருந்தாரோ, கார்க்காரர் மரியாதைக்காகத் தலையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டதும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது. எட்டாம் வீட்டுத் தம்பிதான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கார்க்காரரும் தலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தப்பாய்த்து" என்று கை கூப்பினார். மாடியிலிருந்து, வீட்டில் தெலுங்கு பேசுகிற வீட்டுக்கார அம்மா மட்டும் சிரிக்காமல், "ஏமய்யா, இத்தனை பெரிய கேட் உன் கண்ணுல படலையா?" என்று கேட்டார்.

"கேட்டைப் பார்த்தேன் அம்மா. அஞ்சு நிமிஷம் நின்னும் பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்ல. ஒரு பேச்சுக் குரல்கூட இல்ல. ஆளே இல்லாத குடோன்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

அவர் வந்த நேரத்தில் உள்ளே மூன்று வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் கழுவிக்கொண்டிருந்திருப்போம். அவ்வளவு அடக்கமாக இருந்ததற்குக் கிடைத்த பலன் இது. வீட்டுக்கார அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

காரை எடுத்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இடம் இருப்பதை நான் காட்டினேன். நாலு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. மூன்று பேர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஐந்தாம் வீட்டுக்காரருக்கு மட்டும் ராயக்கோட்டை ரோடு தூரம் என்பதால் ஐந்து நிமிஷம் பிந்திவிட்டது. கம்பெனி கேட்டில் இருந்த காவலாளியிடம் பாதி மொட்டையைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டுவிட்டாராம். கார்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, பால் புட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினார். சாயங்காலம் போகும்போது முழு மொட்டையோடு வந்து, முதல் வீடு என்று தேடி, ஒரு தேங்காய் மூடியும் நாலு வாழைப்பழமும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே கேட்டில் போர்டு வைத்தோம். தமிழில் நான் எழுதினேன்: 'இங்கே பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. பகலிலும் தூங்குவார்கள். வழியை மறிக்க வேண்டாம்.' கன்னடத்தில் மூன்றாம் வீட்டுக்காரி எழுதினாள். தெலுங்கில் வீட்டுக்கார அம்மா எழுதினார். இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கிறது என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னை முறைத்தார்கள். போர்டுக்குப் பாதிப் பலன் கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்டை முழுசாக அடைக்கவில்லை, முக்கால்வாசிதான் அடைத்தார்கள். போர்டு எழுத்து மறையாமல் நிறுத்தியவர்களும் உண்டு, அந்த மட்டில் மரியாதை தெரிந்தவர்கள்.

அன்றைக்குக் கையில் கார் சாவியை வைத்துக்கொண்டு முழித்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காருக்கு நான் எங்கே போவேன்? பைக்கையாவது கேட்டுக்கு வெளியே ஓட்ட வேண்டும் என்று தோன்றியது. கணவரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "லைசென்ஸ் எடு, நம்ம வண்டியிலேயே கத்துக்க" என்றார். எட்டுப் போட்டுக் காட்டும் நாளில் என்னைத் தவிர வந்த பெண்கள் எல்லாரும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் வந்திருந்தார்கள். ஒன்பது வண்டிகளுக்கு நடுவில் தினமும் வளைத்து வளைத்துப் பழகின எனக்கு அந்த மைதானம் கடல் மாதிரி இருந்தது. காலை ஊன்றாமல் எட்டுப் போட்டேன். அதிகாரி, "எத்தனை வருஷமா ஓட்டறீங்க?" என்று கேட்டார். கேட்டுக்குள் ஓட்டியதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "தினமும் கொஞ்சம்" என்றேன்.

லைசென்ஸ் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் வீட்டுக்காரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு தொரப்பள்ளிப் பக்கம் கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டும் வரைக்கும் வண்டி ஏன் இப்படிக் கதறுகிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் முதல் கியரிலேயே போய்க்கொண்டிருந்தேன். முற்றத்தில் எனக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. அவள் என் காதுக்குள், "அக்கா, மாத்துக்கா" என்றாள். இரண்டாவது போட்டேன். சத்தம் அடங்கியது. மூன்றாவது போட்டதும் முட்டைக்கோஸ் தோட்டங்களும் ரோஜாத் தோட்டங்களும் இரண்டு பக்கமும் ஓட ஆரம்பித்தன. குளிர்காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது. பின்னால் அவள் என்னமோ பாடிக்கொண்டு வந்தாள்.

தொரப்பள்ளிக்குள் ஒரு டீக்கடை. வாசலில் வண்டியை நிறுத்தப் போனேன்; பால்காரரின் சைக்கிளுக்கு வழி மறையும் என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளினால் ஒரு வீட்டு வாசல். அதற்கு அப்பால் டிராக்டர் திரும்புகிற இடம். அதையும் தாண்டினால் மாடு கட்டியிருந்தது. இப்படியே போய்ப் போய், கடைசியில் ஊர்க்கோடியில் ஒரு புளியமரத்தடியில், யாருக்கும் குறுக்கே இல்லை என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஸ்டாண்ட் போட்டேன். அங்கிருந்து டீக்கடைக்கு நடந்தோம். ஓசூரிலிருந்து வந்ததைவிட அந்த நடைதான் அதிக தூரம் என்று அவள் அன்று சாயங்காலம் முற்றத்தில் எல்லாரிடமும் சொன்னாள். டீ என்னமோ நன்றாகத்தான் இருந்தது.